வேட்டைத் தன்வரலாறுகளில் ‘நான்’: கார்பெட், ஆண்டர்சன், சேப்மன் நூல்களை முன்வைத்து

காட்டு வாழ்க்கையையும் வேட்டையையும் பற்றி அவற்றில் தோய்ந்தவர்களே எழுதிய நூல்கள் தமிழ்த் திறனாய்வில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. பள்ளி நூலகங்களில் அவை சிறுவர் அடுக்கில் நிற்கின்றன. ஆட்கொல்லிப் புலி, பரண், நள்ளிரவு, துப்பாக்கி என்னும் நான்கும் சேர்ந்தால் அது பன்னிரண்டு வயதினர்க்குரிய நூல் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பல்கலைக்கழகத்திலோ நிலைமை வேறு. ஆனால் அதைவிடச் சிறந்தது என்று சொல்வதற்கில்லை. இங்கு அத்தகைய நூல் ஒன்று கையில் கிடைத்தவுடன் திணைக் கோட்பாட்டை எடுத்துப் பொருத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. மலையும் புலியும் வந்தால் குறிஞ்சி; காடும் மாடும் வந்தால் முல்லை. கருப்பொருள் பட்டியலை நிரப்பிவிட்டால் ஆய்வு முடிந்தது என எண்ணும் ஏடுகளை ஆண்டுதோறும் திருத்திவரும் ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

இப்பொருத்தம் பொருந்தாமைக்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. அகத்திணைப் பாடலில் பேசும் மாந்தர்க்குப் பெயர் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயரின்மையே அக்காட்டையும் அம்மலையையும் எல்லார்க்கும் உரியவையாக ஆக்குகிறது. வேட்டைத் தன்வரலாறோ முற்றிலும் எதிர்முனையில் நிற்பது. அங்கே பேசுபவர்க்குப் பெயர் உண்டு, நாள் உண்டு, ஊர் உண்டு, துப்பாக்கியின் வகை கூட உண்டு. ‘இது எனக்கு நேர்ந்தது, நான் அங்கிருந்தேன்’ என்னும் உறுதிமொழியே அதன் முதல். ஆகவே அகத்தைவிடப் புறமே அதற்கு நெருங்கிய உறவு. கரந்தையில் வீரன் தன் மேம்பாட்டைத் தானே உரைக்கும் நெடுமொழி என்னும் துறையை இங்கு நினைவுகூரலாம். தன்னைத் தானே புகழ்தல் எவ்வெவ்விடங்களில் தகும் என்று நன்னூற் பாயிரமும் வரையறுத்துக் கூறுகிறது. தன் ஆற்றலை அறியாதார் நடுவில் நிற்பவன் தன்னைப் பற்றிச் சொல்லலாம் என்பது அவற்றுள் ஒன்று. வேட்டை நூலாசிரியர் எல்லாரும் இந்தச் சலுகையைத் தாராளமாகவே பயன்படுத்திக்கொள்கின்றனர். வாசகன் காட்டை அறியாதவன் அல்லவா?

எனவே இந்நூல்களை மதிப்பிடக் கேட்கவேண்டிய கேள்வி ‘எத்தனை புலி?’ என்பதன்று. ‘நான்’ என்று பேசும் குரல் காட்டில் உண்மையிலேயே தனித்து நின்றதா, அருகில் யார் நின்றனர், காட்டைப் படிக்க அதற்குக் கற்பித்தவர் யார், அவர்களை அந்நூல் எவ்வாறு நடத்துகிறது என்பதே கேள்வி. இவ்வளவுகோலைக் கொண்டு மூவரின் நூல்களை இக்கட்டுரை நோக்குகிறது. ஒருவர் குமாவுன் மலைகளைச் சேர்ந்தவர். ஒருவர் தமிழும் கன்னடமும் பேசப்படும் காடுகளில் திரிந்தவர். மூன்றாமவர் நம் மலாயாக் காட்டில் மூன்றரை ஆண்டு மறைந்து வாழ்ந்தவர்.

சம்பாவத்தில் தவறிய குண்டு

ஜிம் கார்பெட் 1875-இல் நைனிதாலில் பிறந்தவர். 1955-இல் கென்யாவின் நியேரியில் மறைந்தவர். ‘மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்’ என்னும் அவரது முதற் பெருநூல் 1944-இல் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தெட்டைக் கடந்திருந்தது. அந்நூலின் முதல் வேட்டையான சம்பாவத்துப் பெண்புலியின் கதை 1907-இல் நிகழ்ந்தது. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள்! இந்த இடைவெளியை நாம் போதிய அளவு கருத்திற் கொள்வதில்லை. நேற்று நடந்ததுபோல் அவர் எழுதுகிறார் என்று வியக்கிறோம். ஆனால் எழுதுபவர் முப்பத்திரண்டு வயது இளைஞரல்லர். புலிகள் குறைந்துவருவதை நேரிற் கண்டு வருந்தும் முதியவர். இளைஞன் செய்ததை முதியவர் சொல்கிறார். சொல்லும்போது இளைஞனின் பெருமிதத்தைத் தம் கையாலேயே குறைத்துக்கொண்டு போகிறார்.

நேபாளத்தில் இருநூறு பேரையும் இந்தியப் பகுதியில் இருநூற்று முப்பத்தாறு பேரையும் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட விலங்கு அது. அதைத் தேடிப் பாலி என்னும் சிற்றூரை அடைகிறார் கார்பெட். ஊரார் ஐந்து நாளாகக் கதவடைத்துக் கிடக்கின்றனர். அன்றிரவு நிலவொளியில் பாதையோரத்து மரத்தடியில் தனியே காவல் இருக்கிறார். வீரக்கதையாயின் இங்குப் புலி வரவேண்டும். வரவில்லை. குளிராலும் அச்சத்தாலும் பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்ததையும், விடிந்ததும் உடன்வந்தோர் தேடிவந்தபோது முழங்காலில் தலைவைத்து உறங்கிக் கிடந்ததையும் மட்டுமே அவர் பதிவு செய்கிறார். புலி வேட்டையின் முதற் காட்சியிலேயே வேட்டைக்காரன் நடுங்கிக்கொண்டும் உறங்கிக்கொண்டும் இருக்கிறான். வேறோர் இடத்தில், கொல்லப்பட்ட பெண்ணின் துண்டிக்கப்பட்ட கால் ஒன்றைக் கண்டு மனம் கலங்கி நின்றதில், மேலே புதரில் இருந்த புலியை மறந்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். காட்டில் ஒரு கணக் கவனப்பிழை உயிரைக் குடிக்கும். அப்பிழையைச் செய்தவர் தாமே என்கிறார்.

வேட்டையின் முடிவு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. சம்பாவத்தின் தாசில்தார் ஊர்தோறும் ஆளனுப்பி 298 பேரைத் திரட்டுகிறார். உரிமம் இல்லாத துப்பாக்கிகளையும் கொண்டுவரலாம், அன்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள் என்னும் குறிப்பும் ஊருக்குள் பரவியிருந்தது. (அரசு ஊழியர் ஒருவரின் இந்தப் பெருந்தன்மையை அறுபத்தெட்டு வயது கார்பெட் எவ்வளவு மகிழ்ச்சியுடன் நினைவுகூர்கிறார்!) மலைமுகட்டில் நின்ற அவர்கள் திட்டத்திற்கு முன்னரே ஆரவாரத்தைத் தொடங்கிவிடுகின்றனர். பின்னர்த் துப்பாக்கியொலி கேட்டுப் புலி இறந்துவிட்டதாகத் தவறாக எண்ணி இருக்கும் வெடிமருந்தையெல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கின்றனர். அந்தத் தவறான ஆரவாரமே தப்பியோட இருந்த புலியைத் திருப்பிக் கார்பெட்டின் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்ததும் தாசில்தாரிடம் ஓடி அவரது பழைய துப்பாக்கியை வாங்கிவந்து, திறந்த வாயைக் குறிவைத்துச் சுடுகிறார். குறி தவறுகிறது. குண்டு பட்டது காலில். முன்னர்ப்பட்ட காயங்களாலேயே புலி சாய்ந்தது.

436 உயிர்களைக் குடித்த விலங்கை வீழ்த்திய கதையின் இறுதிக் குண்டு குறி தவறியது என்று எழுத எந்த நெடுமொழியாளன் உடன்படுவான்? முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து அதை மறைத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? இந்த ஓரிடத்தை மட்டும் கொண்டே கார்பெட்டை ஏனைய வேட்டை எழுத்தாளரிடமிருந்து பிரித்துவிடலாம் என்பது என் கருத்து. அவரது கதையில் புலியைக் கொன்றது ஓர் ஆள் அன்று, ஓர் ஊர். ஊரின் அறிவு மட்டுமன்று, ஊரின் பிழையும் சேர்ந்தே கொன்றது.

இறந்த புலியின் வாயைத் திறந்து பார்க்கும் காட்சியும் குறிப்பிடத்தக்கது. வலப்புறத்து மேல் கீழ்க் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் அது. தன் இயல்பான இரையைக் கொல்ல இயலாமையே அதை மனிதரிடம் கொண்டுவந்தது என்று அவர் முடிவு கட்டுகிறார். ஆட்கொல்லியை உருவாக்கியது யாரோ ஒரு வேட்டைக்காரனின் அரைகுறைக் குண்டு. வேட்டைக்காரர் ஒருவர் தம் முதல் வெற்றியின் கதையை வேட்டையின் மீதான குற்றப்பத்திரிகையாக முடிக்கிறார். பிற்காலத்தில் அவர் துப்பாக்கியைவிடப் படக்கருவியை விரும்பியதற்கும், 1936-இல் அமைந்த ஹெய்லி தேசியப் பூங்காவுக்காக உழைத்ததற்கும் வித்து இங்கேயே கிடக்கிறது.

காட்டைக் கற்ற விதம் பற்றி 1953-இல் வந்த ‘ஜங்கிள் லோர்’ பேசுகிறது. குழந்தைப் பருவத்தில் கேட்ட பேய்க் கதைகள், அவை ஊட்டிய அச்சம், அவ்வச்சம் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை, பறவைகளின் குரல்களைப் பிரித்தறிந்தமை என அந்நூல் விரிகிறது. வேட்டை ஏறத்தாழ இல்லாத வேட்டை நூல் அது. மூவர் நூல்களிலும் நான் மிகுதியும் திரும்பிப் படிப்பது அதையே. ஆயினும் ஆசிரியர்க்கு ஆசிரியராய் விளங்கியவரை அறிய 1952-இன் ‘மை இந்தியா’வுக்குச் செல்லவேண்டும். அங்கு குன்வர் சிங் வருகிறார். கள்ள வேட்டைக்காரர், சிறுவன் கார்பெட்டுக்குக் காட்டு நெறிகளைக் கற்பித்தவர், பின்னாளில் அபினுக்கு அடிமையாகிச் சாகும் தறுவாயிற் கிடந்தவர். அவரைத் தம் குருவாக ஏற்பதில் கார்பெட்டுக்குத் தயக்கமே இல்லை. சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகிய ஒருவரே காட்டின் கண்ணில் சான்றோர்.

இவ்வளவு சொன்னபின் கார்பெட்டின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ‘மை இந்தியா’ ஏழை இந்தியர்க்குக் காணிக்கையாக்கப்பட்ட நூல். அதில் வரும் புதூ, சமாரி போன்றோர் அன்போடும் மதிப்போடும் வரையப்பட்டுள்ளனர். ஆயினும் அவர்கள் அனைவரும் ‘சாகிப்’பின் நிழலிலேயே நிற்கின்றனர். வட்டிக்காரனிடமிருந்து புதூவை மீட்பவர் சாகிப். சமாரியின் உயர்வைக் கண்டறிபவரும் சாகிப். நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த காலத்தைப் பற்றிய நூலில் விடுதலைப் போராட்டத்தின் ஓசை மிக மெலிதாகவே கேட்கிறது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்ற ஆண்டிலேயே அவர் தம் தமக்கையுடன் கென்யாவுக்குப் புறப்பட்டுவிட்டார். தாம் நேசித்த மக்கள் தம்மைத் தாமே ஆளும் நாட்டில் தமக்கு இடம் உண்டா என்னும் ஐயத்தை அவர் எழுத்து நேரே தொடுவதில்லை. காட்டில் அத்துணை நேர்மையாய் இருந்த ‘நான்’, நாட்டுக்குள் வந்ததும் சற்று மௌனம் காக்கிறது.

பைராவும் புலிகுத்திக் கல்லும்

கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தமிழ் வாசகர்க்கு இன்னும் அணுக்கமானவராக இருக்கவேண்டியவர். பெங்களூரில் வாழ்ந்தவர், வானூர்தித் தொழிற்சாலையில் பணியாற்றியவர், தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தவர். 1954-இல் வெளிவந்த ‘நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’ தொடங்கி அவர் எழுதியவற்றில் சவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், சின்னாறு எனத் தமிழ்நாட்டுப் பெயர்கள் நிறைந்துள்ளன. அன்று சேலம் மாவட்டமாயிருந்த அப்பகுதி இன்று தருமபுரி, கிருட்டினகிரி என இரு மாவட்டங்களாக உள்ளது.

ஆண்டர்சனைக் கார்பெட்டின் தென்னகப் பதிப்பு என்று கூறிவிடுவது எளிது. பலரும் அவ்வாறே கூறியுள்ளனர். அது பொருந்தாது. கார்பெட்டின் நடை ஒதுங்கி நிற்பது. ஆண்டர்சனின் நடை தோளில் கைபோட்டுப் பேசுவது. கதையை நிறுத்திவிட்டு ஊரின் அமைப்பையும் ஓடையின் போக்கையும் விளக்குவார். பரணில் அமர்வது எப்படி, சூன்யம் வைப்பவர் எப்படி இருப்பர் என்றெல்லாம் சொல்வார். பிறகு புலிக்குத் திரும்புவார். இந்த அலைச்சல் அவரது கவர்ச்சியும் ஆகும், குறையும் ஆகும். ஒன்றிரண்டு நூல்களைத் தொடர்ந்து படிப்போர்க்கு அச்சில் வார்த்தது போன்ற காட்சிகள் மீண்டும் மீண்டும் வருவது புலப்படும். இரவு, பரண், காற்றின் ஓசை, காட்டுக்கோழியின் எச்சரிக்கைக் குரல், பின்னர் விழும் குண்டு. எவ்வளவு நடந்தது, எவ்வளவு கதைசொல்லியின் கைவண்ணம் என்னும் ஐயம் எழாமல் இராது. ஐயம் எழுவதாலேயே நூலைத் தள்ளவேண்டுவதில்லை. ஆனால் உறுதிமொழியின்மேல் நிற்கும் வகைமையில் அவ்வையத்தைக் கண்டும் காணாததுபோல் செல்வதும் திறனாய்வாகாது.

அவரது எழுத்தில் ஐயத்திற்கு அப்பாற்பட்டதாக எனக்குத் தோன்றுவது பைரா. பூசாரி என்று ஆண்டர்சன் குறிப்பிடும் வனக்குடியைச் சேர்ந்தவர். சின்னாற்றங்கரைக் காட்டில் வாழ்ந்தவர். இவரும் கள்ள வேட்டைக்காரரே. கார்பெட்டுக்குக் குன்வர் சிங் போல ஆண்டர்சனுக்குப் பைரா. இரு நூலாசிரியர்க்கும் குருவாக அமைந்தவர் காட்டுச் சட்டத்தை மீறியவர் என்பது தற்செயலன்று. காட்டைக் காப்புக்காடாக அறிவித்த அரசு, அங்கு வாழையடி வாழையாக வேட்டையாடி வந்தோரை ஒரே இரவில் திருடர் ஆக்கியது. அதே காட்டில் உரிமத்துடன் வேட்டையாட வருபவர்க்கு வழிகாட்ட அந்தத் ‘திருடரே’ தேவைப்பட்டார். ஆண்டர்சன் இம்முரணை விளக்குவதில்லை, ஆனால் மறைப்பதுமில்லை. பைராவைப் பற்றி எழுதும்போது அவர் நடையின் மிகையும் அடங்கிவிடுகிறது. அங்கே பெருமிதம் இல்லை, தோழமை உண்டு.

ஆயினும் இக்கதைகள் அனைத்திலும் பைரா பேசுவது ஆங்கிலம். அவர் காட்டைப் பற்றிச் சொன்ன சொற்கள் எவை? ஒரு தடத்தை, ஒரு மணத்தை, ஒரு காற்றை அவர் தம் மொழியில் எவ்வாறு பெயரிட்டார்? ஆண்டர்சனுக்கு அச்சொற்கள் காதில் விழுந்திருக்கும். அவற்றுள் மிகச்சிலவே ஏட்டில் ஏறின. மொழியாசிரியர் என்னும் முறையில் எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

ஆண்டர்சன் திரிந்த இதே தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். ஆநிரை மீட்டு இறந்தோர்க்கே பெரும்பான்மைக் கற்கள் எடுக்கப்பட்டன. புலியோடு பொருது மாண்டோர்க்கும் கல் உண்டு. புலிகுத்திக் கல் என்பது அதன் பெயர். கையில் வாளோ குத்தீட்டியோ கொண்ட ஒருவன், எதிரே பாயும் புலி. எழுத்துப் பொறிக்கப்பட்ட நடுகற்களில் இறந்தவன் பெயரும், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் இருக்கும். அதுவும் ஒருவகை வேட்டைப் பதிவுதான். பெயரும் ஆண்டும் ஊரும் கொண்டது. வேறுபாடு ஒன்றே. அங்கே ‘நான்’ இல்லை. புலியை எதிர்கொண்டவன் பேசுவதில்லை. ஏனெனில் அவன் உயிரோடில்லை. ஊரார் அவனுக்காகப் பேசுகின்றனர். வேட்டைத் தன்வரலாறு எழுதப்பட வேண்டுமானால் எழுதுபவர் பிழைத்திருக்கவேண்டும். பிழைப்பதற்கு நெடுந்தொலைவு சுடும் துப்பாக்கி வேண்டும். திரும்பிச் சென்று எழுத ஒரு மேசையும் படிக்க ஒரு கூட்டமும் வேண்டும். அந்த வகைமையின் பொருளியல் அடித்தளம் இதுவே. அதே மலையில், ஒரே விலங்கைப் பற்றி, கல்லும் நூலுமாக இருவேறு இலக்கியங்கள் பிறந்திருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்தும் வகுப்பு ஒன்று அமைந்தால் நன்று.

நடுநிலையான காடு

எஃப். ஸ்பென்சர் சேப்மனின் ‘தி ஜங்கிள் இஸ் நியூட்ரல்’ 1949-இல் வெளிவந்தது. முந்திய இருவரைப் போல் இவர் வேட்டைக்காரரல்லர். கிரீன்லாந்துப் பனிவெளியிலும் இமயத்திலும் பயணம் செய்தவர். 1941-இல் போர்ப்பணிக்காக மலாயா வந்தவர். சப்பானியர் மலாயாவை வென்றபோது அவர்களின் முன்னணிக்குப் பின்னே தங்கி, 1942-இன் தொடக்கத்தில் தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் தொடர்வண்டிப் பாதைகளையும் பாலங்களையும் தகர்த்தார். பின்னர்ச் சீனக் கம்யூனிசப் போராளிகளின் காட்டு முகாம்களில் வாழ்ந்து, 1945 மே மாதம் பங்கோர்த் தீவருகே நீர்மூழ்கிக் கப்பலில் ஏறும்வரை காட்டிலேயே இருந்தார்.

நூலின் தலைப்பே அதன் கோட்பாடு. காடு நமக்குப் பகையுமன்று, நட்புமன்று. உணவும் நீரும் அங்கு உண்டு, நோயும் உண்டு. அதில் பிழைப்பதும் மடிவதும் நுழைந்தவனின் மனநிலையைப் பொறுத்தது. படைப்பிரிவிலிருந்து சிதறிய பிரித்தானிய வீரர் பலர் காட்டில் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தமைக்கு மனச்சோர்வே முதற் காரணம் என்பது அவர் முடிவு. காட்டை அன்னையாகப் பாடுவோரும் அரக்கியாகக் காட்டுவோரும் மலிந்த எழுத்துலகில் இந்த வறண்ட தெளிவு போற்றத்தக்கது. கார்பெட் தாம் நடுங்கியதைச் சொன்னதுபோல் சேப்மனும் தம் காய்ச்சலையும், வழிதவறலையும், சலிப்பையும் சொல்கிறார். சலிப்பைப் பற்றி இவ்வளவு நேர்மையாக எழுதிய துணிகர நூல் வேறொன்றை நான் படித்ததில்லை.

என் உடன்பாடு இங்கு நிற்கிறது. காடு நடுநிலையானது என்று சொல்லக்கூடியவர் யார்? அதற்குள் இருந்துகொண்டே வேறொரு நாட்டை நினைவில் வைத்திருப்பவர். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் பூர்வக்குடியினர்க்குக் காடு நடுநிலையன்று. அது உறவுகளால் நிறைந்தது. அவர்களைச் ‘சக்காய்’ என்று அக்கால வழக்கில் சேப்மன் சுட்டுகிறார். அச்சொல் இன்று இழிசொல்லாகக் கருதப்பட்டு விலக்கப்பட்டுள்ளது. ஓராங் அஸ்லி என்பதே வழக்கு. அவர்களின் காட்டறிவை அவர் பாராட்டத் தவறவில்லை. ஆனால் அவ்வறிவு அவரது கோட்பாட்டுக்குள் நுழையவில்லை. மனநிலைதான் மனிதனைக் காத்தது என்கிறார். அவரை உயிரோடு வைத்திருந்தவை பிறர் சுமந்துவந்த அரிசியும், பிறர் காட்டிய வழியும், பிறர் காத்த மறையும் என்பதற்கு அவர் நூலே சான்று. சீனப் போராளிகளைப் பற்றிய பகுதிகள் இதற்கு ஓரளவு விலக்கு. அங்கே தனி மாந்தர் உண்டு. அவர்களின் பாட்டும் கூட்டமும் பிடிவாதமும் உண்டு.

தமிழர் எங்கே? நம் மாணவர் இந்நூலைப் படிக்கும்போது முதலில் கேட்பது இதுதான். நூலின் தொடக்கத்திலேயே தமிழர் வருகின்றனர். ஆனால் வேடமாக வருகின்றனர். தண்டவாளங்களைத் தகர்க்கப் புறப்பட்ட வெள்ளையர் மூவரும் முகத்திலும் கைகாலிலும் கருமை பூசித் தலையில் துணி சுற்றித் தமிழ்த் தொழிலாளர்போல் தோற்றம் கொள்கின்றனர். வகுப்பில் இப்பகுதியைப் படித்ததும் சிரிப்பு எழும். பிறகு அமைதி நிலவும். மலாயாவின் தோட்டப்புறச் சாலையில் யார் கண்ணிலும் படாமல் நடக்க வேண்டுமானால் தமிழனாக நடக்கவேண்டும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. அவ்வேடத்தின் வெற்றியே அதன் கசப்பு. தமிழரைப் பார்ப்பவர் தமிழரைப் பார்ப்பதில்லை. இதைச் சேப்மன் இழிவாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவருக்கு அது ஒரு தொழில்நுட்பம் மட்டுமே. அத்தனை பக்கங்கள் கொண்ட நூலில் அந்த வேடத்துக்குரிய மனிதர் முழு உருவம் பெறுவதில்லை என்பதே நம் குறை.

‘நாங்க’

சேப்மன் காட்டில் இருந்த அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் கண்டதும் காடுதான். மழையும் வாந்திபேதியும் பட்டினியும் நிறைந்த காடு. அதைப் பற்றி ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றின் இலக்கியத் தகுதியைத் தனியே ஆராயவேண்டும். இங்கு நான் சுட்ட விரும்புவது, அவை நாவல்களாக வந்தன என்பதையே. ‘நான் அங்கிருந்தேன்’ என்னும் தன்வரலாற்று வடிவில் நம்மிடையே வந்தவை மிகக் குறைவு. எழுத்தறிவின்மை ஒரு காரணம். திரும்பாதோர் மிகுதி என்பது மற்றொன்று. மூன்றாவது காரணமும் உண்டு. துணிகரச் செயல் என்னும் கருத்தே விருப்பத்தோடு காட்டுக்குள் நுழைபவர்க்கு உரியது. கார்பெட் அழைப்பை ஏற்றுச் சென்றார். ஆண்டர்சன் விடுமுறை நாட்களில் சென்றார். சேப்மன் தாமே முன்வந்து தங்கினார். ஆள்பிடித்து வண்டியில் ஏற்றப்பட்டவன் தன் துன்பத்தைத் துணிகரம் என்று எவ்வாறு பெயரிடுவான்? அவனுக்கு அந்த வகைமை பொருந்தவில்லை.

தோட்டப்புற வாழ்வும் காட்டோரத்து வாழ்வே. காட்டை வெட்டித் திருத்திப் பால்மரம் நட்ட தலைமுறை ஒன்று. அதிகாலை இருட்டில் நிரைக்குப் போன தலைமுறை மற்றொன்று. யானை, புலி, பன்றி, பாம்பு எல்லாம் அவர்களின் அன்றாடத்தில் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டில் உள்ள முதியோரிடம் காட்டைப் பற்றிக் கேட்டு, சொன்னது சொன்னபடி எழுதிவரவேண்டும். பெரும்பாலோர் கொண்டுவந்தவை இரண்டு பக்கத்துக்கு மேற்படவில்லை. புலி வந்ததா என்று கேட்டிருந்தனர். வந்தது என்று விடை வந்திருந்தது. அவ்வளவே. கேள்வி கார்பெட்டுடையதாக இருந்தது. விடை சொல்பவர் வேறொருவராக இருந்தார்.

மாணவி ஒருவர் மட்டும் தம் தாத்தாவின் பேச்சை ஒலிப்பதிவு செய்து வந்திருந்தார். பகாங் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பதாண்டு பால்மரம் சீவியவர். புலித்தடம் கண்ட காலையைப் பற்றிப் பேத்தி கேட்கிறாள். ‘நீங்க பயந்தீங்களா தாத்தா?’ அவர் ‘நான்’ என்று தொடங்கவே இல்லை. ‘நாங்க நாலு பேரு போவோம்’ என்கிறார். பிறகு அந்நால்வரின் பெயர்களையும், ஒவ்வொருவர்க்கும் எந்த நிரை என்பதையும், யாருடைய தலைவிளக்கு அடிக்கடி அணைந்துபோகும் என்பதையும், அணைந்தால் மற்றவர் எவ்வளவு தொலைவிலிருந்து குரல் கொடுப்பார் என்பதையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஏறத்தாழப் பத்து நிமிடம் அது நீள்கிறது. புலி அதற்குப் பின் வரவே இல்லை.

எழுதிக் கொடுத்த ஏட்டில் அப்பத்து நிமிடத்தைக் காணவில்லை. ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். அதில் ஒன்றும் நடக்கவில்லையே சார் என்றார் மாணவி.